கண்ணாடிக்காரி துடைத்த டப்பாக்கள்

கீறல் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மற்றவர்கள் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். இவள் கண்ணாடியில் எவனோ சாவியால் இழுத்துவிட்டுப் போன கோட்டையே பார்த்துக்கொண்டு வருவாள். யாராவது ஆசையாகக் கைப்பேசியில் படம் காட்டினால் படத்தைப் பார்க்க மாட்டாள், திரையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். "கொழந்தை எப்படி இருக்கான், சொல்லேன்" என்று கேட்டால், "இது மேல்கீறல்தான், போயிடும்" என்பாள். பெற்றவளுக்குக் கோபம் வருமா, வராதா?

தொழில் அப்படி. பழைய நாணயங்கள் விற்கிற கடை ஒன்றில் பின்கட்டு மேஜைதான் அவள் இடம். நாணயம் சேர்க்கிறவர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் நல்ல காசை வெறுமனே வைக்க மாட்டார்கள். உள்ளங்கை அளவு கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் ஒட்டி மூடிவிடுவார்கள். மேலே உள்பக்கமாக ஒரு சின்னச் சீட்டு இருக்கும், எந்த நாட்டுக் காசு, எந்த வருஷம், என்ன தரம் என்று. ஒட்டினது ஒட்டினதுதான். திறக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்துவிட்டால் அப்புறம் சீட்டுக்கு மரியாதை இல்லை. காசு உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். இடி, உரசல், கீறல் எல்லாம் டப்பாவுக்கு.

அந்தக் கீறலைப் போக்குவதுதான் இவள் வேலை. ஒட்டின விளிம்பில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுவாள். சோப்புத் தண்ணீரில் தூசியைக் கழுவுவாள். கழுவாமல் தேய்த்தால் அந்தத் தூசியே நூறு புதுக் கீறல் போடும். ஆழமான கோடாக இருந்தால் ஈரத்தோடு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசானது. தேய்க்கத் தேய்க்க டப்பா பனி படிந்த மாதிரி மங்கிப்போகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "ஐயோ, கெடுத்துட்டியே" என்பார்கள். அதன் மேல் பாலிஷ் பேஸ்ட் தடவி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பாள். மங்கல் கலையும். டப்பா இருக்கிற இடமே தெரியாது, காசு காற்றில் நிற்கும். இதைப் பார்த்துத்தான் கடை முதலாளி அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தார். தெரு முழுக்க அந்தப் பெயர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே மாமனாரால்தான். மாமனார் பூட்டுக்காரர். சாவி தொலைந்த பீரோ, திருகிக்கொண்ட பூட்டு, எண் மறந்துபோன இரும்புப் பெட்டி, எதுவானாலும் ஒரு வளைந்த ஊசியும் ஒரு தகடும் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்துவிடுவார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார். "பூட்டுக்குள்ள எட்டிப் பாத்தா என்ன தெரியப் போகுது? விரல்தான் பாக்கணும்" என்பார். நாணயக் கடையின் இரும்புப் பெட்டி அடிக்கடி மக்கர் பண்ணும். போய்த் திறந்து கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக டப்பாவோடு ஒரு காசு கேட்டு வாங்கி வருவார். அப்படிச் சேர்ந்ததுதான் அவருடைய மரப்பெட்டி. கப்பல் போட்ட காசு, குதிரை போட்ட காசு, நடுவில் ஓட்டை உள்ள காசு, ஏதோ ஒரு ராணியின் மூக்குத் தேய்ந்துபோன காசு. "வயித்துப் பாட்டுக்குக் காசு கேட்டா, இந்த மனுஷன் வேடிக்கை பாக்கக் காசு கேட்டு வாங்கிட்டு வர்றாரு" என்று மாமியார் இருந்த காலத்தில் தலையில் அடித்துக்கொள்வாளாம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஆயுதப் பையை எடுத்து மூலையில் போட்டுவிடுவார்கள் என்று பயம். தினமும் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து மரப்பெட்டியைத் திறப்பார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, "இது கப்பல்... இது குதிரை... இது மூக்கறுந்த ராணி" என்று சொல்லிக்கொண்டே வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பாது. "அப்பாவுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லை, சும்மா பயமுறுத்தறாங்க" என்று மகன் நிம்மதியாக வேலைக்குப் போவான். லிஃப்ட் மெக்கானிக் அவன், ஊரிலுள்ள லிஃப்டுகளில் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லிவிடுவான். வீட்டில் இருப்பது மட்டும் தெரியாது.

கடைசியில் ஒரு நாள் கண்ணில் ரத்தம் கசிந்து, ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகன் லீவு போட்டு அங்கேயே தங்கினான். இவள் வீட்டுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா முதலாளி புது மோட்டார் வாங்க வேண்டும்? சின்ன மோட்டார். நுனியில் பஞ்சு வீல் சுற்றும், கூடவே ஒரு வெள்ளைப் பேஸ்ட். கையால் அரை நாள் தேய்ப்பதை நொடியில் முடித்துவிடும் என்றார்கள். ஆனால் பிளாஸ்டிக்குக்குச் சூடு ஆகாது. வீல் ஓரிடத்தில் கொஞ்சம் அதிகம் நின்றால் இளகிவிடும், அப்புறம் அந்தப் புகைமூட்டம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது.

"வாடிக்கையாளர் டப்பாவுல எடுத்ததும் கை வைக்காதே" என்றார் முதலாளி. "பழைய டப்பா எதுலயாவது ஓட்டிப் பாரு. ஆழமாக் கீறல் இருக்கிறதா இருந்தா நல்லது. கை வந்துடுச்சுன்னா, ஜன்னல் பக்கத்து மேஜையும் மோட்டாரும் உனக்குத்தான்."

ஜன்னல் பக்கத்து மேஜை! பின்கட்டில் குழல் விளக்குக்கு அடியில் கண் எரிய எரிய உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பழைய டப்பாவுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மாமனாரின் கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி இருந்தது.

கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத்தான் தினமும் போகிறாளே, "மாமா, உங்க டப்பாவுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டால் மனுஷர் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்? கேட்கவில்லை. கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறவரிடம் போய் இதையெல்லாமா கேட்பது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். உள்ளே இருந்த எண்ணம் வேறு. கெட்டுப்போனால்கூட அவர் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது என்பதுதான் அது. அந்த எண்ணத்தை அவள் முழுசாக நினைக்கவில்லை, பாதியிலேயே வாயைப் பொத்திவிட்டாள். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதானே.

துணிப்பையில் பெட்டியை வைத்துக் கடைக்கு எடுத்துப்போய், ஜன்னல் வெளிச்சத்தில் டப்பாக்களைச் சாய்த்துப் பார்த்தாள். பின்பக்கம், கீழ் மூலையில், ஒவ்வொன்றிலும் கீறல். ஒன்றில் ஒற்றைக் கோடு. இன்னொன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பெருக்கல் குறி. ஒன்றில் கொக்கி மாதிரி. ஒன்றில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. தானாக விழுகிற கீறல் இப்படியா எல்லாவற்றிலும் ஒரே மூலையில் விழும்? அவளுக்கே தோன்றியது. "இதென்ன, எல்லாத்துலயும் ஒரே எடத்துல?" என்று வாய்விட்டுக்கூடச் சொன்னாள். அப்புறம், பெட்டியில் ஆணி ஏதாவது துருத்திக்கொண்டிருக்கும் என்று பதிலும் தானே சொல்லிக்கொண்டாள். கை அரித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பதிலும் நல்ல பதில்தான். ஆழமான கீறல் வேண்டும் என்று முதலாளி சொன்னாரே, இதைவிட நல்லதாக எங்கே கிடைக்கும்?

முதல் டப்பாவில் வீலைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். இரண்டாவதில் பயம் போய்விட்டது. அதற்கப்புறம் நிறுத்தவே மனசு வரவில்லை. வீலை ஓரிடத்தில் நிற்க விடாமல் சறுக்கிக்கொண்டே போகிற சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கோடு, கொக்கி, பெருக்கல் குறி எல்லாம் வெண்ணெயில் போட்ட கோடாக மறைந்தன. ஒன்று போதும் என்று ஆரம்பித்தவள் பெட்டியையே முடித்துவிட்டாள். முதலாளி கப்பல் காசை விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, "அடேயப்பா! டப்பா இருக்கா, இல்லையா?" என்றார். மறுநாளே அவள் ஜன்னல் மேஜைக்கு மாறினாள். மாமனார் வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தபடி பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அது. அப்போது அவளுக்கு அது தெரியாது.

ஆபரேஷன் ரத்தத்தை நிறுத்தியதே தவிரப் பார்வையைத் திருப்பித் தரவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், எதிரில் ஆள் வந்தால் நிழல் தெரியும், அவ்வளவுதான், இனிமேல் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உடைந்து அழுதான். "வருஷக்கணக்கா மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலை, இப்ப வந்து கண் கெட்ட பிறகு சூரிய..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரியவர்தான் சிரித்தார். "சொல்லி முடிடா. பழமொழி எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, "அந்தப் பெட்டியை எடும்மா" என்றார். குரலில் ஒரு அவசரம் இருந்தது, ஒளித்து வைத்ததை எடுத்துக் காட்டப் போகிற குழந்தை மாதிரி. அவள் பெட்டியை மடியில் வைத்துவிட்டு, டீ எடுத்து வரப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அவர் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கட்டைவிரல் மட்டும் பின்பக்கத்துக் கீழ் மூலையைத் தடவிக்கொண்டிருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதே மூலை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார். வாயால் ஊதினார். மறுபடியும் தடவினார். டப்பாவைத் திருப்பி மற்ற மூலைகளையும் பார்த்தார்.

டீ டம்ளர் அவள் கையைச் சுட்டது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ம்மா, இது என் பெட்டிதானே? மாறிடலையே?"

"உங்க பெட்டிதான் மாமா."

"கதவைச் சாத்திட்டு இங்க வா. அவன்கிட்டச் சொல்லாதே." பக்கத்தில் நிழல் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார். "கண்ணு போகப் போகுதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. காசைத் தடவிப் பாக்கலாம்னா டப்பா ஒட்டிக் கெடக்கு. அதான், எழுத்து தெரியறப்பவே, பூட்டு ஊசியால பின்னால மூலையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் கீறி வச்சேன். கப்பலுக்கு ஒத்தைக் கோடு. குதிரைக்கு ரெண்டு. ராணிக்குக் கொக்கி, மூக்கு மாதிரி இருக்கட்டும்னு. அப்பலேருந்து விரலாலதான் பாத்துட்டிருந்தேன். நீங்கல்லாம் கண்ணுன்னு நெனைச்சீங்க." பெருமையாகச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப விரலுக்கு ஒண்ணும் தெரியலையே. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு. கோடு இருக்கா?"

டப்பாவை அவள் பக்கம் நீட்டினார். அது குதிரைக் காசு. மூலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது, துடைத்து வைத்தவளும் எதிரில்தான் நின்றாள்.

"இருக்கு மாமா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளை இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. இல்லை என்றால் அடுத்த கேள்வி யார் அழித்தது என்று வரும். அதற்கு நான்தான் என்று சொல்ல வேண்டும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே உறைத்தது. கோடு இருக்கிறது, விரலுக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "டாக்டர் அப்பவே சொன்னாரு. கண்ணுக்கு அப்புறம் விரல் நுனி நரம்புன்னு. நுணுக்கம்தான் முதல்ல போகுமாம்." பெட்டியை மூடித் தள்ளி வைத்தார். "கண்ணு போனதுக்குக்கூட நான் அழலை, தெரியுமா? விரல் இருக்கேன்னு ஒரு தெம்பு. இனிமே எதை வச்சுப் பாக்கறது?"

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அவர் அழுதது கேட்டது. சத்தம் வரக்கூடாது என்று தலையணையில் முகத்தை வைத்து அழுகிற அழுகை. அவளும் அடுப்பங்கரையில் நின்று அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அழுகை நின்றிருக்கும். போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நாளைக்கு இன்னும் கனமாகத்தான் வந்தது. நேற்றே ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்ததே.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்று பார்த்தாள். விரல் செத்துவிட்டது என்று நம்பின மனுஷருக்கு நிஜமாகவே விரல் செத்துவிட்டது. டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று மகனைக் கூப்பிட்டார். தானே டீ போட்டுக்கொள்கிறவர், அடுப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மகன் மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் பஞ்சால் தொட்டார், ஊசி நுனியால் தொட்டார், தெரிகிறதா என்று கேட்டார். "தெரியற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு" என்றார் பெரியவர். சர்க்கரை வியாதிக்காரர் விரலில் உணர்ச்சி இல்லை என்று சொன்னால் எந்த டாக்டர்தான் சந்தேகப்படுவார்? நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரை அவரைச் சுருட்டிப் போட்டது. காலையில் எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்தபடியே தூங்குவார். பேச ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை தேடுவார். ஒரு நாள் குளியலறையில் தடுமாறி விழுந்து, தோள் கன்றிப்போனது. "பழகினா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு" என்றான் மகன். இல்லாத வியாதிக்குத் தன் கையாலேயே மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

கீறலைத் திரும்பப் போட்டுவிடலாமா என்றும் பார்த்தாள். மத்தியானம் அவர் மயங்கித் தூங்குகிற நேரத்தில் ஊசியும் கையுமாகப் பெட்டியைத் திறந்தாள். கப்பலுக்கு ஒன்று, குதிரைக்கு இரண்டு, ராணிக்குக் கொக்கி. அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதுக்கெல்லாம் என்ன? பெருக்கல் குறி யாருக்கு? பக்கத்தில் ஒரு புள்ளியோடு இருந்ததே, அது எது? ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தவள்தான். ஆனால் கீறலைப் பார்த்தாளே ஒழிய, எந்தக் காசின் மேல் எந்தக் கீறல் என்று பார்க்கவில்லை. வருஷக்கணக்காக அவள் பார்வை டப்பாவோடு நின்றுவிடும், உள்ளே போகாது. தப்பாகக் கீறி வைத்தால், ஓட்டைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேறு எதையோ சொல்வார், மகன் அதைக் கேட்டுவிட்டுத் தலையிலும் கோளாறு என்பான். ஊசியை வைத்துவிட்டாள். தொழில் தெரிந்த கை இதற்கு உதவவில்லை.

கடையில் ஜன்னல் மேஜை. வெளிச்சம் கொட்டியது. "என்ன கண்ணாடிக்காரி, மூஞ்சி மட்டும் பாலிஷ் போடாத மாதிரி இருக்கு?" என்று முதலாளி கேலி பண்ணினார். "வீட்ல மாமாவுக்கு முடியலை" என்றாள். "ஐயோ பாவம், நல்ல மனுஷன்" என்று அவர் சொன்னபோது அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எவனோ நடு மாடியில் மாட்டிக்கொண்டான் என்று மகன் லிஃப்டைப் பார்க்க ஓடியிருந்தான். அவள் தண்ணீரும் மாத்திரையும் கொண்டு வந்தாள். பெரியவர் கட்டிலின் ஓரத்தில் ஆயுதப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. முதலாளிக்குத் தெரிஞ்ச பூட்டுக்காரன் யாராவது இருந்தா குடுக்கச் சொல்லு. ஊசி எல்லாம் நானே வளைச்சது, நல்லா இருக்கும். எனக்கெதுக்கு இனிமே?"

அவள் பையைத் தொடவில்லை. மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை விரலால் உருட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"சர்க்கரை மாத்திரையா, நரம்பு மாத்திரையா இது? சரி சரி, நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று வாயருகே கொண்டு போனார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் தண்ணீர் அவர் மேல் கொட்டியது.

"வேணாம் மாமா. சாப்பிடாதீங்க. கோடு இல்ல."

"என்ன?"

"கோடு இல்ல மாமா. நான்தான் அழிச்சுட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப, புது மோட்டாரை ஓட்டிப் பாக்க எடுத்துட்டுப் போயி, எல்லா டப்பாவையும் தேச்சுட்டேன். கீறல்னு நெனைச்சேன். உங்க விரலுக்கு ஒண்ணும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல, அதனாலதான் தெரியலை."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பெரியவர் கட்டைவிரலால் நனைந்த வேட்டியின் நெசவைத் தடவினார். கட்டிலின் மரத்தில் இருந்த வெடிப்பைத் தடவினார். ஆயுதப் பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்து அதன் பற்களை மெதுவாகத் தடவினார்.

"அப்போ, விரல் நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு மாமா."

"அடிப்பாவி!" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பும் அழுகையும் கலந்து, மூக்கில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, மறுபடியும் சிரித்தார். "அடிப்பாவி, அடிப்பாவி! நான் போட்ட எழுத்தைப் பூரா அழுக்குன்னு நெனைச்சுத் தொடைச்சிட்டியா? உன் கையில அகப்பட்டா எங்க வீட்டுப் பத்திரத்தையும் வெள்ளைக் காகிதமா ஆக்கிடுவே!" அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. கும்பிட்டபடி, "மன்னிச்சிடுங்க மாமா, கேக்காம எடுத்தது தப்பு" என்றாள்.

"எடுத்தா என்ன இப்போ? உனக்குத் தெரியுமா அது எழுத்துன்னு? நானும்தான் சொல்லலையே" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி முகத்தைச் சுருக்கினார்.

"நான் உங்கிட்டக் கேட்டேனே. கோடு இருக்கான்னு."

"கேட்டீங்க."

"இருக்குன்னு சொன்னே."

"சொன்னேன் மாமா."

"நான் உள்ள அழுதேனே, அது உனக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. இந்தத் தடவை அந்த வாயை அடக்கினாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

அவர் "ம்" என்றார்.  திட்டியிருந்தால் தேவலை. "வேட்டி நனைஞ்சு போச்சு, வேற எடுத்துக் குடு" என்று மட்டும் சொன்னார்.

மகன் வந்ததும் விஷயத்தைக் கேட்டுக் குதித்தான். கத்தினான். "மனுஷிதானா நீ? அந்த மாத்திரையால அவர் விழுந்தப்பகூட வாயைத் தொறக்கலையே!" என்றான். பெரியவர்தான் அவனை அடக்கினார். "விடுடா. வேணும்னா செஞ்சா? தொழில் புத்தி. நீயும்தான் எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் லிஃப்டை மட்டும்தான் பாக்கறே, நாங்க ஏதாவது சொல்றோமா?" என்று சிரித்தார். டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, மாத்திரையை நிறுத்தினார்கள். தலைசுற்றல் நின்றது. ஒரு காலை அவரே எழுந்து டீ போட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்ல ஒரு கண்ணாடிக்காரி இருக்கா, கேளுங்க கதையை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதலாளிக்குப் போன் போட்டே சொன்னார். சொல்லும்போது துடைத்ததை மட்டும் சொல்வார். அவரிடம் அவள் 'இருக்கு' என்று சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு, "வாம்மா, எழுதிடலாம்" என்று கூப்பிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துச் சீட்டைப் படித்தாள். எந்த நாடு, எந்த வருஷம், என்ன படம். அவர் வாங்கி, இடது கைக் கட்டைவிரலால் மூலையை அளந்து, வலது கையால் ஊசியை அழுத்திக் கீறினார். கிரீச் என்று சத்தம் வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது, இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீறி முடித்ததும் தடவிப் பார்த்து, "அம்சமா இருக்கு" என்று பெட்டியில் வைத்தார். இந்த முறை அவளும் டப்பாவுக்குள்ளே பார்த்தாள். ராணிக்கு மூக்கு தேய்ந்திருந்தாலும் முகவாய் அழகாக இருந்தது. கப்பலில் கொடி பறக்கிற திசைக்கு எதிராகப் பாய் உப்பியிருந்தது. அதைச் சொன்னாள். "அப்படியா? இத்தனை வருஷம் வச்சிருந்து நான் அதைக் கவனிக்கலையே!" என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவளுக்கு மனசு லேசாகியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள்.

பெட்டி முடிந்ததும் சமையலைக் கவனிக்க எழுந்து போனாள். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவக் குழாயில் கை வைத்தபோது, உள்ளேயிருந்து பெரியவர் மகனைக் கூப்பிடுவது கேட்டது. "டேய், இங்க வந்து உக்காரு. இந்தச் சீட்டைக் கொஞ்சம் படி."

"எதுக்குப்பா? இப்பத்தானே அவ படிச்சா?"

"படிச்சா. நீயும் ஒரு தடவை படி."

மகன் படித்தான். கப்பல், வருஷம்.

"ம். சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து அடுத்த டப்பாவை எடுக்கிற சத்தம் கேட்டது.

"இதையும் படி."

அவள் குழாயைத் திறக்காமலே நின்றாள். அவர்கள் பெட்டி முழுவதையும் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போகவில்லை.